வெறும் டிரெய்லரின் பாரம்

கட்சால்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி சுரேந்திரனுக்கு,

அக்கா ராஜகுமாரி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று பயந்து, விலாசத்தை மட்டும் சொர்ணம்மாவை எழுதச் சொன்னேன். இருபது வருடத்தில் நமக்குள் போய்வந்தவை இரண்டே கடிதங்கள். அம்மா இறந்தபோது ஒன்று, நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒன்று. உன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் பேசினால் பழைய பேச்சு வந்துவிடும். எழுதினால், தப்பாக வந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம். பிள்ளைகளுக்கு அதைத்தானே முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மகளிர் குழு தேங்காயை ஜெட்டிக்குக் கொண்டுபோக இதுவரை ஒருவரின் டெம்போவை நம்பியிருந்தோம். அவர் மெயின்லேண்டுக்கே போய்விட்டார். இப்போது எங்களிடம் டிரெய்லர் இருக்கிறது, இழுக்க வண்டி இல்லை. ஒரு பழைய பிக்கப் வாங்கலாம் என்று முடிவு. அதற்கு மேல் முடிவில்லை. டிரைவர் முனியாண்டி டீசல்தான் என்கிறான். குழுத் தலைவி சொர்ணம்மாவுக்கு டீசல் புகை பட்டாலே வாந்தி வரும், அதனால் பெட்ரோல்தான் என்கிறாள். "வண்டியை ஓட்டப் போறது நானா, அக்காவோட மூக்கா?" என்று இவன் கேட்க, "உன்னைவிட என் மூக்கு ஒழுங்கா வேலை செய்யுது" என்று அவள் சொல்ல, இரண்டு கூட்டம் இப்படியே முடிந்தது. நான் சமூக அறிவியல் டீச்சர். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நீ ஹேடோவில் துறைமுக வண்டிகளை ரிப்பேர் செய்கிறவன். அதனால் கேட்கிறேன்.

ஜெட்டியிலிருந்து வீடு வரை ஐந்து கிலோமீட்டர். பாதை சமம்தான், பழைய ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் செம்மண் ஏற்றம் தவிர. அந்த ஏற்றம் உனக்குத் தெரியும்.

டிரெய்லரும் உனக்குத் தெரிந்ததுதான். ரப்பர் தோட்டத்தில் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கினோம். பச்சை பெயின்ட் அப்படியே இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்துக் கேட்டால் அது கேள்வியாகாது என்று எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
ராஜகுமாரி


ஹேடோ
19 பிப்ரவரி

அக்காவுக்கு,

லெட்டர் வந்தது. பிரிச்சேன். சொர்ணம்மா எழுதியிருக்காட்டியும் பிரிச்சிருப்பேன்.

டீசல் வாங்கு. யோசிக்கவே வேணாம். வார்ஃப்ல மூட்டை தூக்குறவங்கள்ல ரெண்டு ஜாதி ஆளு உண்டு. ஒருத்தன் ஓடி வந்து அந்த வேகத்துல தூக்குவான். இன்னொருத்தன் நின்ன இடத்துல நின்னு, மூச்சை அடக்கி, மெதுவா தூக்குவான். முதல் ஆளு பெட்ரோல். ரெண்டாவது ஆளு டீசல். டிரெய்லரைக் கட்டிக்கிட்டு ஏற்றத்துல நின்னு எடுக்கணும்னா ரெண்டாவது ஆளுதான் வேணும். பெட்ரோல் இன்ஜினை அலற விட்டாத்தான் இழுக்கும். கிளட்ச் கருகும். உங்க தீவுல பவர் ஹவுஸே டீசல்லதான் ஓடுது, அதனால டீசலுக்குப் பெருசா பஞ்சம் வராது. தண்ணி கலந்திருக்கும், அது ஒண்ணுதான் தொல்லை. ஃபில்டரை அடிக்கடி பாக்கச் சொல்லு.

பெட்ரோல்ல நல்லதே இல்லைன்னு சொல்லல. விலை கம்மி, வண்டி லேசு, சத்தம் கிடையாது. ஆனா சத்தம் இல்லாதது உனக்கு நல்லதில்ல. டீசல் ஓடும்போது கேபின்ல வேற எதுவும் கேக்காது. பின்னால என்ன நடந்தாலும் கேக்காது. டிரைவர் ரோட்டைப் பாத்துக்கிட்டுப் போவான். அது போதும்.

இங்க ஒரு டீசல் பிக்கப் இருக்கு. ஒரு பெங்காலி பாயோடது. நானே இன்ஜின் இறக்கி ஏத்தின வண்டி. சரின்னா அடுத்த கப்பல்ல ஏத்தி விடுறேன்.

டிரெய்லர் விஷயம். அது வேணாம் அக்கா. வேற வாங்கிக்கலாம், நானே இங்க வெல்டிங் பண்ணி அனுப்புறேன். காரணம் கேக்காத.

சுரேந்திரன்


கட்சால்
27 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

வண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. முனியாண்டி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறான். சொர்ணம்மா முதல் நாளே முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறினாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால்தான் அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேறு டிரெய்லர் வேண்டாம் தம்பி. இரும்பு என்ன செய்யும்? நான் அதைக் கழுவி, துரு சுரண்டி, என் கையால் அதே பச்சை வர்ணம் பூசியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தோட்டத்துப் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. டிரெய்லரில் இருக்கிறவர்கள் பக்கத் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. போன வாரம் சொர்ணம்மா தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வந்து, தன் வீட்டு வாசலில் ஒரு தட்டு தட்டினாள். டீசல் சத்தத்தில் இவனுக்குக் கேட்கவில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் நின்றான். "ஏன்டா, காதை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்றாள். "காது இருக்கு அக்கா, வண்டிதான் விடலை" என்றான். நீ சொன்னது சரி. பின்னால் நடப்பது எதுவும் கேட்பதில்லை.

இப்போது கேட்க வேண்டியது ஒன்று. தேங்காய் ஏற்றிப் போகும்போது வண்டி நன்றாகப் போகிறது. இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது செம்மண் ஏற்றத்தில் திணறுகிறது. இரண்டாவது கியர் போதாமல் முதல் கியருக்கு வருகிறான். "டீச்சரம்மா, வெறும் பெட்டியை இழுக்க வண்டிக்கு ஏன் இந்த மூச்சு?" என்று கேட்டான். அவன் தொப்பையைக் கழற்றி ஜெட்டியில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று சொர்ணம்மா யோசனை சொன்னாள். ஒரு தரமென்றால் சிரித்துவிடலாம். ஏழு தரம் திரும்பி வந்தோம், ஏழு தரமும் அப்படித்தான். வேறு எந்த இடத்திலும் இல்லை.

ஏற்றம் தொடங்கும் முன் முனியாண்டி வண்டியை நிறுத்தி, இறங்கி, கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். அங்கே எல்லா டிரைவர்களும் செய்வதுதான். தோட்டத்து டிராக்டர் ஓட்டிய காலத்தில் நீயும் அங்கேதான் நிறுத்துவாய். நிறுத்துவதற்கு முன்னால் பாரம் இல்லை. எடுக்கும்போது இருக்கிறது.

பழுது எதுவாக இருக்கும் என்று எழுது.

அக்கா


ஹேடோ
9 ஏப்ரல்

அக்காவுக்கு,

பழுதுதான். வேற என்ன இருக்கப் போவுது.

டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால சுத்திப் பாக்கச் சொல்லு. இறுக்கமா இருந்தா பேரிங்தான். கிரீஸ் மாத்தணும். டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் இழுக்கும். பட்டை ஸ்பிரிங் உடைஞ்சு டயர்ல உரசுதான்னு பாரு. வண்டியோட ஃபில்டரையும் கழட்டிப் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா டிரைவர் சரியில்ல.

இன்னொண்ணு. கொக்கியை ஜெட்டியிலயே பாத்துட்டுக் கிளம்பச் சொல்லு. ஏற்றத்துக்கு அடியில நிறுத்த வேணாம். வர்ற வேகத்துலயே ஏறிடணும். நின்னா எடுக்கறது கஷ்டம்.

நீ அந்த வண்டியில போறியா? போகாத. உனக்கு அறுபத்திரண்டு வயசு. முனியாண்டி பாத்துக்குவான்.

சுரேந்திரன்


கட்சால்
2 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீ எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன். சக்கரம் விரல் பட்டாலே சுற்றுகிறது. கிரீஸ் புதிது. காற்று சரி. ஸ்பிரிங் உடையவில்லை. டிரைவரையும் மாற்றிப் பார்த்தோம். ஒப்பந்ததாரர் சிவஞானத்தின் ஆள் ஒருநாள் ஓட்டினார். ஏற்றம் ஏறி முடித்ததும் இறங்கி டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

நிறுத்தாமல் ஏறவும் பார்த்தோம். பாதி ஏற்றத்தில் வண்டி அணைந்து, தானாகவே பின்னால் உருண்டு, வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றது.

பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு, கனமாக இருக்கிறது என்று சொல்லாதே, எவ்வளவு கனம் என்று சொல். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஊரே கத்தலாம். பாலத்துத் தூணில் இருக்கும் கோட்டைப் பார்த்தவன் சொல்வதுதான் செய்தி. அதனால் ஒரு குச்சி எடுத்தேன். டிரெய்லரின் அடித் தகட்டிலிருந்து அச்சு வரைக்கும் உள்ள இடைவெளியை அதில் குறித்தேன். பிறகு எங்கள் வீட்டு வாசலில் குழுப் பெண்களை ஒருவர் ஒருவராக ஏறச் சொன்னேன். கொத்தனார்கள் சொல்வார்களே, ஒரு நூல் அளவு என்று, அவ்வளவுதான் ஒரு ஆளுக்கு ஸ்பிரிங் இறங்குகிறது. ஒருவர் ஏறினால் ஒரு நூல், இருவர் என்றால் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் குச்சியில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சொர்ணம்மா ஏறினால் ஒன்றரை, அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த நடையில் நானும் போனேன். நீ வேண்டாம் என்றாய், போனேன். மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். ஏற்றத்துக்குக் கீழே சமமான இடத்தில் வண்டி நின்றது. இறங்கிப் போய்க் குச்சியை வைத்தேன். வெறும் டிரெய்லர் அளவு. முனியாண்டி கொக்கியைப் பார்த்தான், பீடி பற்ற வைத்தான். நான் குச்சியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில்லை. தாழையின் ஓலைகூட அசையவில்லை. அடித் தகடு ஒரு நூல் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு நூல். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங், ஆள் ஏறினால் கிறீச்சிடுமே, அப்படிக் கிறீச்சிட்டது. மூன்றோடு நின்றது.

மூன்று நடை அளந்துவிட்டேன். மூன்றும் மூன்றுதான்.

முனியாண்டி பீடியைப் போட்டுவிட்டு, "டீச்சரம்மா, நான் உங்க மாணவன் இல்லை. எனக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம்" என்றான். ஆனாலும் வேலையை விடவில்லை, நல்லவன்.

இப்போது டீசலில் தண்ணீர் கலந்து ஃபில்டர் அடைத்துவிட்டது. புதியது கப்பலில் வர வேண்டும். அதுவரைக்கும் சிவஞானம் தன் பெட்ரோல் பிக்கப்பைத் தந்திருக்கிறார். நாளையிலிருந்து அதில்தான் டிரெய்லரைக் கட்டப் போகிறோம்.

அக்கா


ஹேடோ
20 ஜூன்

அக்கா,

பெட்ரோல் வண்டியில அதைக் கட்டாத. இந்த லெட்டர் வந்து சேர்றதுக்குள்ள கட்டியிருந்தா அவுத்துடு. ஃபில்டர் இந்தக் கப்பல்லயே அனுப்பிட்டேன், ஒண்ணுக்கு நாலா.

மூணுன்னு எழுதியிருக்க. மூணு எப்படி ஆகும்? நீ என்ன நினைச்சு அளந்தேன்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்குக் கீழ விட்டுட்டு வந்தது நாலு பேரு. ராசம்மா, அவ புருஷன் ஆவுடையப்பன், ருக்கு, அப்புறம் அத்தான். உன் புருஷனை நீ மறந்திருக்க மாட்டே. அப்ப மூணுன்னா, நீ பயந்துபோய்த் தப்பா அளந்திருக்க. அவ்வளவுதான்.

இருபது வருஷமா நான் இதை எழுதல, பேசல. இப்ப எழுதிடறேன். சுனாமி வந்த அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கப்பல் சாமான் எடுக்க எல்லாரும் ஜெட்டிக்கு வந்திருந்தாங்க. பூமி ஆடினதுக்கு அப்புறம் தண்ணி உள்ள போச்சு. டிராக்டரை, இதே டிரெய்லரோட, ஏற்றத்துக்குக் கீழ நிறுத்தினேன். எல்லாம் ஏறினாங்க. யாரும் யாரையும் பாக்கல. அத்தான் பின்னால நின்னு ஏத்திக்கிட்டு இருந்தார், எப்பவும் போல. அவர்தான தோட்டத்துல ஆள் ஏத்துற கங்காணி. நான் திரும்பிப் பாக்கல. பக்கவாட்டுல தெரிஞ்ச கடலைத்தான் பாத்தேன். ரெண்டு தட்டு வந்துச்சு. டிராக்டர் சத்தத்துல காதுல கேக்கல, இரும்பு வழியா சீட்டுல வந்துச்சு. டொக் டொக்னு. எடுத்துட்டேன். மேல போய்த் திரும்பிப் பாத்தப்ப கீழ நாலு பேரு நிக்கிறாங்க. அப்புறம் கீழ எதுவும் இல்ல.

மேல ஊருக்கு வந்து சேர்ந்ததும் நீ எல்லார் முன்னாடியும் கேட்டே, வண்டியில இருந்த இருபத்தஞ்சு பேருல யாரு தட்டினதுன்னு. ஒருத்தரும் கையத் தூக்கல. யாரும் தட்டல, நீ பயந்து எடுத்துட்ட, என் புருஷனைக் கொன்னுட்டன்னு சொன்னே. அடுத்த கப்பல்ல நான் கிளம்பினேன்.

அந்தத் தட்டை நான் கேட்டனா, கேட்டதா நானே நெனச்சுக்கிட்டேனான்னு இப்ப எனக்கே தெரியல. அதுதான் எனக்குப் பயம். அதனாலதான் டீசல் வாங்கச் சொன்னேன். அங்க ஏதாவது தட்டினா யாருக்கும் கேக்கக் கூடாது. ஒண்ணும் தட்டலன்னாலும் எனக்கு அது தெரிய வேணாம்.

சுரேந்திரன்


கட்சால்
14 ஜூலை

என் தம்பிக்கு,

உன் கடிதம் வரும் முன்பே கட்டிவிட்டோம்.

பெட்ரோல் வண்டி உண்மையிலேயே ஓடி வந்து தூக்குகிற ஆள்தான். ஏற்றத்துக்குக் கீழே நின்று எடுக்க அதற்கு மூச்சில்லை. ஆனால் நிற்கும்போது அது ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு அமைதி. முதல் நாள் நான் முனியாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஸ்பிரிங் மூன்று முறை கிறீச்சிட்டது கேபினுக்குள்ளேயே கேட்டது. அதற்கப்புறம் தகட்டில் இரண்டு தட்டு.

முனியாண்டி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "நான் தட்டலை டீச்சரம்மா" என்றான், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. பாவம், வேறு என்ன சொல்வான்.

எடுக்கச் சொன்னேன். எடுத்தான். மூன்று தடவை தூக்கிப் போட்டுத்தான் ஏறியது.

அடுத்த நடையில் நான் உட்காரவில்லை. டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் குச்சியை வைத்தேன். மூன்று நூல் இறங்கியது. பிறகு இடப்பக்கத் தகடு, இரண்டு முறை அதிர்ந்தது. நான் பூசிய பெயின்ட் அந்த இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. தம்பி, பெயின்ட் உதிர்ந்தது தகட்டின் வெளிப்பக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் தட்டும் உயரமில்லை அது. கீழே, தரையில் நிற்கும் ஒருவரின் தோள் உயரம்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளியில் மணி அடித்ததும் வகுப்பில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். மணி அடித்தது யார் என்று வகுப்புக்குள் இருக்கிற பிள்ளைகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டால் யார் கையைத் தூக்குவார்கள்? மணி அடிக்கிறவர் வகுப்புக்குள் இருப்பதில்லையே. முப்பத்தொரு வருடம் அந்த மணிச் சத்தத்தில் வாழ்ந்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. வண்டியில் இருந்த இருபத்தைந்து பேரைத்தான் கேட்டேன். வண்டிக்கு வெளியே நின்றவரைப் பற்றி நினைக்கவே இல்லை.

உன் அத்தானின் வழக்கம் உனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்குத் தான் ஏறாமல் அவரே தட்டியிருப்பார் என்று நாம் இருவருமே நினைக்கவில்லை. இருபத்தைந்து ஆள், அதற்கு மேல் ஏறினால் அந்த ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிவிடும் என்பார். இருபத்தைந்து ஆனதும் கீழே நின்றபடியே இரண்டு தட்டு தட்டி அனுப்பிவிட்டு, தான் நடந்து வருவார். தினமும் செம்மண் காலோடுதான் வீட்டுக்குள் வருவார். "நீங்க ஏத்திவிடற வண்டியில உங்களுக்கு ஒரு இடம் கிடையாதா?" என்று நான் சத்தம் போடுவேன். "நான் ஏறினா யாரு தட்டுறது?" என்பார்.

அன்றைக்கும் எண்ணியிருக்கிறார். ஆனால் தனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஓடி வந்துகொண்டிருப்பது தெரிந்தே தட்டியிருக்கிறார். அவர்களுக்காக நின்றிருந்தால் வண்டி ஏறியிருக்காது, இருபத்தைந்தும் போயிருக்கும். அந்த மூன்று பேரை இப்போது ஒவ்வொரு நடையிலும் ஏற்றி அனுப்புகிறார். ராசம்மா, ஆவுடையப்பன், ருக்கு. நீ கேட்டாயே, மூன்று எப்படி ஆகும் என்று. நான் சரியாகத்தான் அளந்தேன். நான்காவது ஆள் ஏறவில்லை. இன்னும் கீழேதான் நிற்கிறார்.

நீ தட்டைக் கேட்டாய், தம்பி. கேட்டுத்தான் எடுத்தாய். நான் சொன்னது பொய். ஊர் முன்னால் சொன்ன பொய். சொர்ணம்மாவிடமும் முனியாண்டியிடமும் சொல்லிவிட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்வேன். உன்னிடம் இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். கிழிக்காமல் விட்டது இதுதான்.

நீ வர வேண்டும். அந்த வண்டியை நீ எடுத்தால்தான் சரியாக இருக்கும். சிவஞானத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன், ஃபில்டர் வந்துவிட்டாலும் நீ வரும்வரை பெட்ரோல் வண்டி இங்கேயே இருக்கும். நீ ஸ்டியரிங்கில் உட்கார், நான் பின்னால் குச்சியோடு நிற்கிறேன். இரண்டு தட்டு வரும். நகராதே. அவர் மறுபடியும் தட்டுவார், கோபக்காரர். அப்போதும் நகராதே. நான்காவது நூல் இறங்கிய பிறகு நான் தட்டுகிறேன். அவருக்குப் பதிலாக ஒருவர் தட்டுவதற்கு இருந்தால் அவர் ஏறலாம் அல்லவா?

அக்கா


ஹேடோ
26 ஜூலை

அக்கா,

லீவு கிடைச்சிருச்சு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில இருந்து ஆறாம் தேதி கப்பல். ஃபில்டர், அனுப்பின நாலுக்கு மேல இன்னும் ரெண்டு கொண்டு வர்றேன். வேற என்ன கொண்டு வர்றதுன்னு தெரியல.

நகர மாட்டேன்.

சுரேந்திரன்


ஹேடோ
25 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். கடல் கொஞ்சம் ஆட்டம். நீ கட்டிக் கொடுத்த மாசிக் கருவாட்டுச் சம்பலை கப்பல்லயே பக்கத்து பெட் பாய் ஒருத்தர் பாதி தீத்துட்டார். "பெஹன் நே பனாயா?" ன்னு கேட்டார். ஆமா, அக்கா செஞ்சதுன்னு சொன்னேன். இதைச் சொல்லி ரொம்ப வருஷம் ஆச்சு.

உங்க வீட்டுல நாலு நாள் இருந்தேன். அதைத் தவிர எல்லாத்தையும் பேசினோம். நீ கேக்கல, நானும் சொல்லல. நீ பின்னால இருந்தே, நான் முன்னால இருந்தேன். நீ பாத்தது எனக்குத் தெரியாது, நான் கேட்டது உனக்குத் தெரியாது. இப்ப தூரமா வந்துட்டேன், எழுதலாம்.

ஸ்பிரிங் மூணு தடவை கத்துச்சு. அப்புறம் ரெண்டு தட்டு. அதே தட்டு அக்கா. இருபது வருஷத்துக்கு முன்னாடி சீட்டுல வந்த அதே டொக் டொக். நான் கனவு காணல. அது ஒண்ணு போதும் எனக்கு, அதுக்காகவே வந்தேன்னு நினைச்சேன். கிளட்ச்சை மிதிச்சே வச்சிருந்தேன். ஆனா எடுக்கல. மறுபடி ரெண்டு தட்டு, கொஞ்சம் பலமா. எடுக்கல. மூணாவது தடவை தகடு கிழியற மாதிரி தட்டினார். வண்டி முழுக்க அதிர்ந்துச்சு. பக்கவாட்டுல கடல் தெரியற பக்கம் நான் பாக்கவே இல்ல.

அப்புறம் நீ யாரோடயோ பேசற மாதிரி கேட்டுச்சு, வார்த்தை புரியல. அப்புறம் ஸ்பிரிங் ஒரு தடவை கத்துச்சு. அப்புறம் ரெண்டு தட்டு, மெதுவா, அவசரமே இல்லாம. நீ தட்டினதுன்னு புரிஞ்சுது. எடுத்தேன். பெட்ரோல் வண்டி, நாலு ஆள் பாரம், நின்ன இடத்துல இருந்து ஒரே மூச்சுல ஏறுச்சு. நான் இந்த வேலையில முப்பது வருஷமா இருக்கேன், அப்படி ஏறாது. மேல வளைவுல திரும்பும்போது சட்டுன்னு லேசாச்சு, எல்லாரும் இறங்கிட்ட மாதிரி. வண்டி ஒரு குதி குதிச்சுது.

மேல நின்னு உனக்காகக் காத்திருந்தேன். நீ நடந்து வந்து சேர்ந்தே. கையில குச்சி இல்ல.

நாலாவது நூல் இறங்கினதை நீ பாத்தியா? அதை மட்டும் எழுது.

சுரேந்திரன்


கட்சால்
12 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன்.

மூன்றாவது தடவை தட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தகட்டின் அருகே போய், எப்போதும் வாசலில் நின்று சத்தம் போடுவேனே, அதே குரலில் சொன்னேன். "போதுங்க. தம்பி எடுக்க மாட்டான். இடமிருக்கு, இந்தப் பெட்டியில இடமிருக்கு. இருபத்தஞ்சு இல்ல, மூணு பேருதான் இருக்காங்க. நீங்க ஏறுங்க, நான் தட்டுறேன்." அவ்வளவுதான் பேசினேன். வேறு பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை.

பிறகு என் இடது கைப் பக்கமாக யாரோ கடந்துபோவது போலக் காற்று நகர்ந்தது. அதில் ரப்பர் பால் வாடை. தோட்டத்து வேலை முடிந்து வருபவர்களிடம் இருக்குமே, அந்தப் புளித்த வாடை. ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அடித் தகடு என் குச்சியின் நான்காவது கோட்டுக்கு வந்து நின்றது. குச்சியை அங்கேயே மண்ணில் ஊன்றிவிட்டேன், இனி அதற்கு வேலை இல்லை.

இப்போது நான் தட்ட வேண்டும். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தட்டினால் போய்விடுவார் என்று நினைத்தேனா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அப்படி நின்றேன்.

தம்பி, அந்தத் தட்டு என்னுடையது இல்லை. நான் தட்டவே இல்லை. என் கை அந்தரத்தில்தான் இருந்தது. இரண்டு தட்டும் விழுந்தது நான் பார்த்துக்கொண்டிருந்த தகட்டில்தான், ஆனால் இந்த முறை உள்ளேயிருந்து.

நீ எடுத்தாய். நான் பின்னாலேயே நடந்தேன். டிரெய்லர் வளைவில் திரும்பும் வரைக்கும் அதில் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று பார்த்தபடி நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெறும் பச்சைத் தகடுதான்.

போன வாரம் டீசல் வண்டிக்கு நீ அனுப்பிய ஃபில்டரைப் போட்டோம். சிவஞானத்தின் பெட்ரோல் வண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீ முதல் கடிதத்திலேயே சொன்னதுதான் சரி, எங்களுக்கு டீசல்தான் பொருத்தம். சத்தம் காதை அடைக்கிறது, அடைக்கட்டும். பின்னால் கேட்க வேண்டியது இனி சொர்ணம்மாவின் தட்டு மட்டும்தான், அவளும் இப்போது தட்டுவதை விட்டுவிட்டுக் கத்துகிறாள். வெறும் டிரெய்லர் இரண்டாவது கியரில் ஏறுகிறது. முனியாண்டி ஏற்றத்துக்குக் கீழே நிறுத்தி, கொக்கியைப் பார்த்து, பீடி பற்ற வைத்து, நிதானமாக எடுக்கிறான்.

அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவும்போதுதான் பார்த்தேன், முழங்கால் வரைக்கும் செம்மண். நீ உள்ளே இருந்தாய். உன்னிடம் சொல்லவில்லை. ஏற்றிவிட்டவள் நடந்துதானே வர வேண்டும்.

உன் அக்கா,
ராஜகுமாரி